தமயந்தி பெயரில் ஓடிய வண்டி

பிப்ரவரி 3, திங்கள்

ஜெர்மன் வகுப்பில் தினமும் ஐந்து வரி நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஜெர்மனில் எழுத வேண்டுமாம். 'இன்று மழை. நான் உருளைக்கிழங்கு வாங்கினேன்' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. உருளைக்கிழங்கைத் தவிர மனதில் இருப்பதை எல்லாம் எழுத எனக்குத் தமிழ்தான் சரிப்படும்.

சங்ககிரியில் என்னை லாரிக்கார நல்லசிவம் என்பார்கள். நாக்பூர், சூரத், கௌஹாத்தி என்று இருபது வருடம் ஓட்டியவன். இந்த ஊரில் நான் நர்ஸ் தமயந்தியின் வீட்டுக்காரன். அவள் வேலைக்கு வந்தாள், நான் கூட வந்தேன். வாசல் மணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயர்கூட அவளுடையதுதான். தபால்காரர் என்னிடம் கடிதத்தைக் கொடுக்கும்போது, யாரப்பா நீ என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்.

தமயந்தி வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, ஊசி போட்டு, மருந்து கொடுத்துவிட்டு வருகிறாள். இப்போதைக்கு சைக்கிள். ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டால் நிறுவனமே கார் கொடுக்கும். எனக்கும் ரொட்டி வண்டி ஓட்டும் வேலை ஒன்று கிட்டத்தட்ட முடிவாகியிருக்கிறது. மார்ச் பதினைந்துக்குள் இந்த நாட்டு உரிமத்தோடு வந்து நில், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

எழுத்துத் தேர்வை இருவரும் தேறிவிட்டோம். அவள் முதல் தடவையிலேயே. நான் எத்தனையாவது தடவை என்பது இங்கே தேவையில்லை. இனி வண்டிதானே, அது நம் ராஜ்ஜியம் என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு இன்று ஓட்டுநர் பள்ளிக்குப் போனேன். பின்னறையில் ஒரு நாற்காலி, ஒரு ஸ்டீயரிங், மூன்று திரைகள். விளையாட்டாம்! வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் முதலில் இதில் ஓட்டி நூற்றுக்குத் தொண்ணூறு வாங்க வேண்டுமாம். அதற்கப்புறம்தான் உண்மையான வண்டியின் சாவியைக் கண்ணில் காட்டுவார்களாம். சொன்னவர் ஆசிரியை பிர்கிட். அறுபது வயதிருக்கும், எப்போதும் வாயில் புதினா மிட்டாய்.

நாற்பத்து நாலு வயதில் என்னை வீடியோ கேம் விளையாட வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 5, புதன்

முதல் தடவை மட்டும், திரையில் நம் பெயரைத் தொட்டதும், எந்த நாட்டில் ஓட்டிப் பழகினீர்கள் என்று கேட்கிறது. இந்தியா என்று தொட்டேன். அவ்வளவுதான், நான் எங்கெங்கே தப்புச் செய்வேனோ அங்கெல்லாம் குழி தோண்டி வைத்துக்கொண்டு காத்திருந்தது. என் ஊரைப் பற்றி இந்த மெஷினுக்கு எவன் போட்டுக்கொடுத்தானோ தெரியவில்லை.

முதல் மோதல் லைட்டால் வந்தது. எதிரே ஒருவன் குறுக்கே திரும்பப் பார்க்கிறான். நம் பைபாஸில் என்ன செய்வோம்? இரண்டு முறை லைட் அடிப்போம். 'நான் வர்றேன், நில்லு' என்று அர்த்தம். இந்த ஊரில் அதற்கு 'நீங்கள் போங்கள்' என்று அர்த்தமாம். நான் லைட் அடிக்க, அவன் நன்றி சொல்லிக் கையை உயர்த்திக்கொண்டே என் முன்னால் வந்து விழுந்தான். ஸ்டீயரிங் கையில் கிடுகிடுவென்று ஆடியது.

அடுத்து, பலகை எதுவும் இல்லாத நாற்சந்தி. வலப்பக்கம் இருந்து வருகிறவனுக்குத்தான் முதல் வழியாம். வருவது சைக்கிளாக இருந்தாலும் சரி. நான் கற்றது பெரிய வண்டிக்கு முதல் வழி. இந்த நாட்டில் வண்டி சாலையின் வலப்பக்கம் போக வேண்டும். இடது பக்கம் திரும்பிய ஒவ்வொரு தடவையும் என் கை பழக்கத்தில் எதிர்ச்சாரியில் கொண்டுபோய் விட்டது.

எனக்கு முப்பத்தொன்று. தமயந்திக்கு ஐம்பத்தெட்டு. ஊரில் லைசென்ஸ் எடுத்த அன்றைக்கு எட்டுப் போட்டதோடு சரி, அதன்பின் அவள் கார் ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை.

"பரவால்லீங்க, முதல் நாளுதானே" என்றாள் வெளியே வந்ததும். அந்தப் பரவாயில்லை எனக்குத் தேவையே இல்லை.

பிப்ரவரி 8, சனி

காலையில் துணி துவைத்தேன். மதியம் ரசம், முட்டைக்கோஸ் பொரியல். சாப்பிட்டு முடித்ததும் தமயந்தி உப்பு டப்பா, மிளகு டப்பா, ஊறுகாய் பாட்டில் மூன்றையும் மேசையில் நாற்சந்தி மாதிரி வைத்து நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ரவுண்டானாவுல உள்ள இருக்கறவங்களுக்குத்தானுங்க முதல் வழி?"

"ம்."

"அப்ப ஊறுகாய் நிக்கோணும், மிளகு போகோணும்."

"ஊறுகாய மூடி வை. காஞ்சு போயிரும்."

கல்யாணமான புதிதில் லாரியில் ஏற்றிக்கொண்டு பழனிக்குப் போனேன். வழி முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டு வந்தவள் இவள். இப்போது ஊறுகாய் பாட்டிலைப் பார்க்கிறாள்.

பிப்ரவரி 12, புதன்

எனக்கு ஐம்பத்திரண்டு. அவளுக்கு எண்பத்து நாலு.

பிர்கிட்டிடம் என் இருபது வருட அனுபவத்தை எடுத்துச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் பாதி, கை ஜாடை பாதி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னவோ சொன்னார். தமயந்தி மொழிபெயர்க்கத் தயங்கினாள். சொல்லு என்றேன்.

"உங்களுக்கு மறக்க வேண்டியது நெறைய இருக்குதாம். எனக்கு மறக்கறதுக்கே ஒண்ணும் இல்லையாம்."

வயிறு எரிந்தது. வெளியே வந்து அவளுக்காக நிற்காமல் வேகமாக நடந்துவிட்டேன். சாவி அவளிடம் இருந்ததால் வீட்டு வாசலில் குளிரில் நின்றுகொண்டிருக்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 13, வியாழன்

தமயந்தி எண்பத்தெட்டு. பொரியல் தீய்ந்துவிட்டது.

பிப்ரவரி 17, திங்கள்

தாரணி போனில் வந்தாள். எங்கள் மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரை ஊரில் என் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

"அப்பா, அம்மா உங்கள ஓவர்டேக் பண்ணிட்டாங்களாமா?" என்று சிரித்தாள்.

"அது வெளையாட்டு சாமி. மெஷினு."

"தோக்கறவங்க எல்லாம் அப்படித்தானுங்கப்பா சொல்லுவாங்க."

யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கத் தேவையில்லை. தமயந்தி அடுத்த அறையில் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். காதில் விழாதது போல இருந்தாள்.

இன்னொரு சங்கதி. மார்ச்சில் தேர்வுக்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருக்கிறதாம், பதினோராம் தேதி. அடுத்தது ஏப்ரலில். எங்கள் வகுப்பில் யார் முதலில் தொண்ணூறைத் தொடுகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்தத் தேதி என்று பிர்கிட் அறிவித்துவிட்டார். தமயந்தி என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன்.

அவளுக்கு இன்னும் இரண்டே மதிப்பெண். எனக்கு எவ்வளவு என்று எழுதப்போவதில்லை. ஏப்ரல் வரை ரொட்டிக்காரர் காத்திருக்க மாட்டார். அவள் காரில் போவாள், நான் கோஸ் நறுக்குவேன். எனக்குப் பொறாமைதான். யார் மேலேயோ இல்லை, கட்டிய பெண்டாட்டி மேல்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று செய்ததை எழுதியே ஆக வேண்டும்.

தமயந்திக்கு வேலை. நான் தனியாகப் பயிற்சிக்குப் போனேன். பிர்கிட் முன்னறையில் போனில் பேசிக்கொண்டே, போ போ என்று கையைக் காட்டினார். திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. என் பெயருக்கு மேலே அவள் பெயர். தொட்டால் போதும், வேறு கேள்வி கேட்காது.

அந்த விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது. ஓட்டும்போது ஒரு ஆளை இடித்துவிட்டால் அதுவரை வாங்கிய மதிப்பெண் எல்லாம் அழிந்து, ஆரம்பப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். தமயந்தியின் பெயரைத் தொட்டேன். ஒரே ஒரு ஆளை இடித்தால் போதும். அவள் கீழே போவாள், எனக்கு மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதுதான் என் எண்ணம். பூசி மெழுகி எழுத ஒன்றுமில்லை.

வண்டியை எடுத்தேன். வேண்டுமென்றே எதிர்ச்சாரியில் விட்டேன். அந்தச் சாரியில் கொஞ்ச தூரத்தில், ஆட்கள் சாலையைக் கடக்கக் கோடு போட்ட இடம். ஒரு கிழவி, சக்கரம் வைத்த ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டு கடக்கிறாள். பொம்மைதான். தலையில் பச்சைக் குல்லா. ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

மிதித்த கால் பிரேக்குக்குப் போய்விட்டது. இருபது வருடத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்தவன் இல்லை நான். கிழவி நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனாள். தமயந்தி தினமும் குளிப்பாட்டுகிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போல. திரையின் மேல் மூலையில் 'தமயந்தி' என்று ஜெர்மன் எழுத்தில் எரிந்துகொண்டிருந்தது.

சரி, எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். போகவில்லை. வண்டியை மெதுவாகச் சரியான சாரிக்குக் கொண்டுவந்தேன். நாற்சந்தி வந்தது. இவள் என்ன செய்வாள் என்று யோசித்தேன். நிற்பாள். நின்றேன். வலப்பக்கத்து சைக்கிளுக்கு வழி விட்டேன். அவள் பெயரில் போகிற வண்டி, பெரிய வண்டிக்காரன் மாதிரி முட்டிக்கொண்டு போக முடியாது. ரவுண்டானாவில் ஊறுகாய் நின்றது, மிளகு போனது. கடைசியில் ஒரு மலைப்பாதை. வண்டி நடமாட்டம் இல்லை. இந்த நாட்டுக்கு வந்தபின் முதல் தடவையாக ஓட்டுவது இனித்தது.

முடிந்ததும் திரை முழுக்கப் பச்சை. தொண்ணூற்றாறு.

என் வாழ்நாளில் இந்தப் பாழாய்ப்போன மெஷினில் நான் வாங்கிய பெரிய மதிப்பெண், அவள் கணக்கில் விழுந்துவிட்டது.

பிப்ரவரி 21, வெள்ளி

பள்ளியில் எல்லோர் முன்னாலும் பிர்கிட் தமயந்தியின் கையைக் குலுக்கினார். இதுவரை இந்தியா என்று தொட்டவர்களில் யாரும் இவ்வளவு வாங்கியதில்லையாம். பதினோராம் தேதி அவளுக்குத்தானாம். தமயந்தி ஒன்றும் புரியாமல் விழித்தாள். வேலை மும்முரத்தில் நாள் குழம்பியிருக்கும் என்று பிர்கிட்டே சொல்லிச் சிரித்தார்.

நானும் கை தட்டினேன். நான் வாங்கியதற்கு அவளைப் பாராட்டுகிறார்கள், அதற்கு நானே கை தட்டுகிறேன். என் மதிப்பெண்ணைப் பார்த்தே எனக்கு வயிறெரிகிறது. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல.

பிப்ரவரி 24, திங்கள்

பாழாய்ப்போன மெஷின் நாம் ஓட்டிய ஓட்டத்தை எல்லாம் படம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது எனக்குத் தெரியாது.

மற்றவர்களும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று பிர்கிட் அந்தத் தொண்ணூற்றாறைத் திரையில் ஓடவிட்டார். ஆரம்பத்தில் வண்டி எதிர்ச்சாரியில் போகிறது. கிழவியை நோக்கிப் பாய்கிறது. கிறீச்சென்று நிற்கிறது. நல்லவேளையாக யாரையும் இடிக்கவில்லை, உடனே திருத்திக்கொண்டதால் இது பெரிய தப்பாகக் கணக்காகவில்லை, பாருங்கள் என்று பிர்கிட் விளக்கினார். அப்புறம் எல்லாம் சுத்தமான ஓட்டம். மலைப்பாதை வந்தது. முதல் வளைவில் பாம் பாம் என்று ஒரு ஹாரன். அடுத்த வளைவிலும் பாம் பாம். நான் அடித்தது எனக்கே நினைவில்லை. நாலு வளைவுக்கு நாலு ஹாரன், அதற்காகத்தான் நாலு மதிப்பெண் போயிருக்கிறது. இந்த நாட்டில் சும்மா ஹாரன் அடிப்பது திட்டுவது மாதிரி.

தமயந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா வேறெதுவுமா என்று தெரியவில்லை.

"இது என்ன வழக்கம்?" என்று பிர்கிட் அவளைக் கேட்டார்.

"எங்கள் ஊர் மலையில் அப்படித்தான்" என்று அவள் தெளிவான ஜெர்மனில் சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேட்டாள்.

"ஏனுங்க, ஏற்காடு ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் பாம் பாம்னு அடிக்கறது இந்த வீட்டுல யாருங்க?"

நான் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

"நீ எண்பத்தெட்டுலயே நின்னுட்டு இருந்தியே புள்ள. ஒரு நல்ல மார்க் விழுந்தா உனக்குத் தேதி கெடைக்குமேன்னு..."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. ரொம்பச் சுலபமாக வந்தது.

"எனக்காகவாங்க ஓட்டுனீங்க?"

"பின்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பாளே, அப்படி.

"ஆரம்பத்துல தப்புப் பக்கமா போயி அந்தப் பாட்டிகிட்ட..."

"பழக்க தோசம்."

"செரிங்க" என்றாள். அப்புறம் ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

வேலைக்குப் போகும் வழியில் தமயந்தி ஓட்டுநர் பள்ளிக்குப் போனாள். என்னையும் கூட வரச் சொன்னாள். எதற்கென்று சொல்லவில்லை. அவள் பேசியதில் 'என் கணவர்' என்பது மட்டும் பல தடவை காதில் விழுந்தது. பிர்கிட்டின் முகம் மாறிக்கொண்டே போனது. மிட்டாயை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

பிறகுதான் எனக்குச் சொன்னாள். அந்த மதிப்பெண் அவருடையது, பதினோராம் தேதியை அவருக்குக் கொடுங்கள் என்று கேட்டாளாம். அடுத்தவர் பெயரில் ஓட்டுவது பெரிய தப்பாயிற்றே என்று பிர்கிட் கண்டித்தாராம். "நான்தானுங்க ஓட்டச் சொன்னேன்னு சொல்லிட்டேன். உங்க மேல பழி வந்தா பள்ளியிலிருந்தே உங்க பேர எடுத்துருவாங்க. எனக்கு நர்ஸு வேலை இருக்குது, தாங்கிக்குவேன்" என்றாள்.

தண்டனை அவளுக்குத்தான். அவள் மதிப்பெண்ணை எல்லாம் அழித்துவிட்டார்கள். ஆரம்பப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நான் எதற்காக அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேனோ அது அப்படியே நடந்துவிட்டது.

எனக்கு உடனே, பிர்கிட் பக்கத்தில் நிற்க, என் பெயரில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். மேல் மூலையில் என் பெயர். அதைப் பார்க்காமல் அவள் பெயர்தான் எரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓட்டினேன். மலைப்பாதையில் ஹாரன் பக்கம் போகாதபடி இரண்டு கையையும் ஸ்டீயரிங்கோடு இறுக்கிக்கொண்டேன். தொண்ணூற்றொன்று. தேதி எனக்கு.

வேண்டாம், இது உன் தேதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

உண்மையான தெரு, உண்மையான வண்டி. பிர்கிட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று மணி நேரத்தில் ஒரு தடவைதான் தன் பக்கத்து பிரேக்கை அவர் மிதித்தார்.

திரும்பி வரும்போது பனித்தூறல். முன்னால் ஒரு சைக்கிள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் மருந்துப் பை கட்டியிருந்தது. தமயந்தி. அடுத்த நோயாளி வீட்டுக்குப் போகிறாள். காது இரண்டும் சிவந்திருந்தன. இந்த நாட்டு விதிப்படி நல்ல இடைவெளி விட்டு முந்த வேண்டும். இடம் இருந்தது. நான் முந்தவில்லை. அவள் திரும்புகிற வரைக்கும் பின்னாலேயே ஊர்ந்தேன். பிர்கிட் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மார்ச் 6, வியாழன்

அவளுக்கு மறுபடி தேர்வுத் தேதி ஏப்ரல் கடைசியில்தானாம். 'பரவால்லீங்க' என்கிறாள். இந்தப் பரவாயில்லையும் எனக்கு வேண்டாம்.

மார்ச் 11, செவ்வாய்

தேறிவிட்டேன்.

பின் இருக்கையில் தேர்வாளர், தாடிக்காரர், பேசவே இல்லை. லைட் அடிக்கவில்லை. ஹாரன் பக்கம் கை போகவில்லை. பலகை இல்லாத நாற்சந்தியில் வலப்பக்கமிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்தான், நின்றேன். இறங்கியதும் தாடிக்காரர் கை கொடுத்தார். 'மிக அமைதியாக ஓட்டுகிறீர்கள்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சங்ககிரியில் யாராவது படித்தால் வேறு யாரையோ சொல்கிறார் என்பார்கள்.

ரொட்டிக்காரருக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

மார்ச் 12, புதன்

மாலையில் தாரணி கூப்பிட்டாள். நாளைக்குப் பரீட்சை இல்லையாம். தமயந்தி போனை மேசையில் சாய்த்து வைத்து, சப்பாத்தி தேய்த்துக்கொண்டே எல்லாக் கதையையும் சொன்னாள். நான் எதிரே உட்கார்ந்து உருண்டை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"உங்கப்பா என்ன செஞ்சாருன்னு தெரியுமா சாமி? நான் ரெண்டு மார்க்குல நிக்கறேன்னு, யாருக்கும் சொல்லாம போயி, என்ற பேர்ல ஓட்டி, தொண்ணூத்தாறு வாங்கி வெச்சுட்டாரு. தன்ற வேலை போனாலும் பரவால்லைன்னு. நான் கண்டுபிடிச்சதால ஆச்சு, இல்லீன்னா வாயே தெறந்திருக்க மாட்டாரு."

"அய்யோ அப்பா! நெசமாலுமாங்கப்பா?"

"அம்மா கொஞ்சம் கூட்டிச் சொல்றா" என்றேன்.

"கூட்டிச் சொல்லலீங்க" என்றாள் தமயந்தி. குனிந்து சப்பாத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பாட்டிகிட்ட பிரேக்கு போட்டாரு பாரு, அதையும் பாத்தேன். அந்த ஒரு பிரேக்கு போதும் சாமி எனக்கு."

தாரணி பெரியப்பாவையும் பெரியம்மாவையும் கூப்பிட்டு அவர்களுக்கும் சொன்னாள். எல்லோரும் மாறி மாறி என்னைப் பாராட்டினார்கள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தமயந்தி கேட்டுக்கொண்டே தேய்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை. ஏப்ரல் முடிகிற வரை குளிரில் சைக்கிள் மிதிக்கப் போகிறவள் மாதிரியே இல்லை.

இத்தனை நாள் அவள் மதிப்பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவள் ஜெர்மனைப் பார்த்து, அவளுக்கு வரப்போகும் காரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதெல்லாம் இப்போது ஒன்றுமே இல்லை. போனில் அவள் சொன்னாளே ஒரு நல்லசிவம், பெண்டாட்டிக்காகத் தன் வேலையையே விடத் துணிந்தவன், அவனைத்தான் அவள் அப்படிப் பெருமையோடு பார்க்கிறாள். அந்த ஆளைக் கண்டால்தான் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.